சால்மன் குஞ்சுகளின் பிழைப்பு வீதம்: கணக்கு எங்கே சறுக்குகிறது

அமெரிக்காவின் வடமேற்கில், லோயர் கிரானிட் அணைக்கு மேலே, ஸ்னேக் ஆற்றின் கிளைகளில் பிறக்கும் சால்மன் குஞ்சுகள் கடலைச் சேர்வதற்குள் எட்டுப் பேரணைகளைத் தாண்டியாக வேண்டும். ஸ்னேக் ஆற்றில் நான்கு, அது கலக்கும் கொலம்பியா ஆற்றில் நான்கு. கடைசி அணை பொன்னெவில். இவற்றில் எத்தனை குஞ்சுகள் பிழைத்தன என்பதை யாரும் நேரடியாக எண்ணிவிட முடியாது. ஆகவே குஞ்சுகளின் வயிற்றுக்குள் பிட் டேக் எனப்படும், சுமார் 12 மில்லிமீட்டர் நீளமுள்ள, பேட்டரி இல்லாத கண்ணாடிச் சில்லைச் செலுத்திவிட்டு, அணைகளில் உள்ள ஆண்டெனாக்கள் எந்தெந்தச் சில்லைப் படித்தன என்ற பதிவிலிருந்து பிழைப்பு வீதத்தைக் கணிக்கிறார்கள். பதிவாவது மீனைக் கண்ட நிகழ்வு மட்டுமே. அது உயிரோடு இருந்ததா என்பது நாம் ஊகித்துக்கொள்வது. இந்தத் துறையில் நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதிலிருந்து வருகின்றன.

முதல் தவறு, கண்ட எண்ணிக்கையையே பிழைத்த எண்ணிக்கையாகக் கொள்வது. அணையைத் தாண்ட மீனுக்கு மூன்று வழிகள் உண்டு: டர்பைன், மதகு வழிந்தோடி, மீன்களுக்கென அமைத்த மாற்றுக் குழாய்ப் பாதை. ஆண்டெனாக்கள் பெரும்பாலும் மாற்றுப் பாதையில்தான் இருக்கின்றன. எனவே மதகு வழியே கூடுதலாக நீர் திறந்துவிட்ட ஆண்டில், மீன்கள் நன்றாகப் பிழைத்திருந்தாலும் பதிவுகள் குறையும். 1000 குஞ்சுகளை விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் அணையில் 400 பதிவாகின்றன. அதற்குக் கீழுள்ள அணையில் 300 பதிவாகின்றன; அவற்றில் 150 முன்பே முதல் அணையில் பதிவானவை. கீழே வந்து சேர்ந்தவை எல்லாம் முதல் அணையை உயிரோடு கடந்தவையே என்பதால், அங்கே கண்டறிதல் நிகழ்தகவு 150/300, அதாவது 0.5. முதல் அணையை எட்டியவை 400/0.5 = 800; பிழைப்பு வீதம் 0.8. மறு ஆண்டு மதகுகள் அதிகம் திறக்கின்றன; முதல் அணையில் 240 மட்டுமே பதிவாகின்றன, கீழே பதிவான 300இல் 90 மட்டுமே முன்பு கண்டவை. நிகழ்தகவு 0.3, எட்டியவை மீண்டும் 800. பதிவுகள் 400இலிருந்து 240 ஆகச் சரிந்ததைப் பார்த்து மீன்கள் அழிந்துவிட்டன என்று எழுதுபவர், ஆண்டெனா இருக்கும் பாதையில் மீன்கள் குறைவாக வந்ததைத்தான் சாவு என்று எழுதுகிறார்.

கார்மாக் 1964இலும், ஜாலி, சீபர் ஆகியோர் தனித்தனியே 1965இலும் வெளியிட்ட மாதிரியுரு இந்த எளிய வகுத்தலைப் பல நிலையங்களுக்கு விரிக்கிறது. விரிக்கும்போது அதன் அடியில் உள்ள அனுமானமும் கூடவே வருகிறது: ஓர் அணையில் பதிவான மீனுக்கும் பதிவாகாத மீனுக்கும் அதன் பிறகு ஒரே கதி, கீழே பதிவாவதற்கும் ஒரே வாய்ப்பு. இதைச் சோதிக்காமல் விடுவதே இரண்டாவது தவறு. என் கணிப்பில் மிகவும் ஆபத்தானதும் இதுதான், ஏனெனில் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராமல் அழகான எண்களை அச்சிட்டுவிடும். மேலே கண்ட முதல் எடுத்துக்காட்டில், முதல் அணையின் மாற்றுப் பாதையில் அடிபட்டதால் பதிவான 400 குஞ்சுகளில் 150க்குப் பதில் 120 மட்டுமே கீழே பதிவாகின்றன என்று கொள்வோம். பதிவாகாத 400இலிருந்து முன்போலவே 150. மொத்தம் 270, நிகழ்தகவு 120/270, எட்டியவை 900 என்று கணக்கு சொல்லும். மீன்கள் கூடுதலாகச் செத்திருக்க, மேற்பகுதியின் பிழைப்பு வீதம் 0.8இலிருந்து 0.9க்கு உயர்ந்துவிட்டது! எதிர்த்திசையிலும் இது நடக்கும். சிறிய குஞ்சுகள் ஒவ்வோர் அணையிலும் மாற்றுப் பாதைக்குள் எளிதாகச் சேருமானால், ஓரிடத்தில் கண்டவையே அடுத்த இடத்திலும் காணப்படும். கண்டறிதல் நிகழ்தகவு மிகையாகி, பிழைப்பு வீதம் குறைவாகத் தோன்றும். கண்டவை, காணாதவை என்று இரு தொகுதிகளாகப் பிரித்து, கீழே அவை வந்து சேர்ந்த விதத்தை ஒப்பிடும் பொருத்தச் சோதனைகள் இதற்கென்றே உள்ளன.

கடைசி நிலையத்தின் சிக்கல் வேறு வகையானது. அதற்குக் கீழே பார்ப்பதற்கு யாரும் இல்லாததால், கடைசிப் பகுதியின் பிழைப்பையும் அங்குள்ள கண்டறிதலையும் பிரிக்க முடியாது. அவற்றின் பெருக்குத்தொகை மட்டுமே கிடைக்கும். அது 0.3 என்றால், 0.6 × 0.5 ஆகவும் இருக்கலாம், 0.75 × 0.4 ஆகவும் இருக்கலாம். தரவை எவ்வளவு சேர்த்தாலும் இது தீராது. கொலம்பியாவின் கழிமுகத்தில் இரு படகுகளுக்கிடையே, பின்முனை திறந்த வலையை இழுத்து, அந்தத் திறப்பில் ஆண்டெனா பொருத்தியிருப்பதன் நோக்கம், பொன்னெவிலுக்குக் கீழே இன்னொரு பதிவிடத்தை உண்டாக்குவதே. அதே கழிமுகத்தின் ஈஸ்ட் சாண்ட் தீவில் காஸ்பியன் ஆலாக்கள் என்னும் மீன்தின்னிப் பறவைகள் தின்று துப்பிய டேக்குகளையும் தேடி எடுக்கிறார்கள். அங்கே கிடைத்த டேக்குகளை எண்ணி, பறவைகள் தின்றவை இத்தனை என்று அப்படியே அறிவிப்பது முதல் தவறையே மறுபடி செய்வதாகும். தின்ற டேக் எல்லாம் தீவில் விழுவதில்லை, விழுந்தவை எல்லாம் கிடைப்பதுமில்லை.

பிடித்துப் படகில் ஏற்றப்பட்ட குஞ்சுகளையும் மறந்துவிடக் கூடாது. ஸ்னேக் ஆற்று அணைகளில் சேகரித்த குஞ்சுகளில் ஒரு பங்கைப் பெரும் படகுகளில் பொன்னெவிலுக்குக் கீழே கொண்டுபோய் விடுவது வழக்கம். ஏற்றிய இடம் வரை அவை பிழைத்தவை. அதன் பிறகு அவற்றைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். விலக்காவிட்டால் அவ்வளவும் சாவாகப் பதிவாகும்.

மதிப்பீடு 1ஐத் தாண்டினால் பலர் பதறி அதை 1 என்று வெட்டிவிடுகிறார்கள். 100 குஞ்சுகளை விட்டு, முதல் அணையில் 50 பதிவாகி, கீழே பதிவான 20இல் 9 முன்பு கண்டவை என்றால், கணக்கு 1.11 என்று தரும். உயிரியல் படி நடக்காத எண்தான். ஆயினும் சிறு மாதிரியின் இயல்பான தடுமாற்றம் அது. முதல் அணையை எட்டியவற்றை மிகையாக மதித்தால், அதே எண் அடுத்த பகுதியின் வகுத்தியாக வந்து அங்கே குறைவாக மதிக்கும். அதனால் அடுத்தடுத்த மதிப்பீடுகள் எதிர்மறையாகத் தொடர்புடையவை. அடுத்த பகுதியின் மதிப்பீடு 0.76 என்றால், 1.11ஐயும் 0.76ஐயும் பெருக்கினால் 0.84, முன்னதை வெட்டிவிட்டுப் பெருக்கினால் 0.76. இதே காரணத்தால், முழுப் பாதைக்கான திட்டப்பிழையை, அதாவது மதிப்பீட்டின் தடுமாற்ற அளவைக் கணிக்கும்போது பகுதிகளைச் சார்பற்றவையாகக் கொண்டால் விடை தேவைக்கு மேல் பெரிதாகிவிடும்.

ஒலி எழுப்பித் தம்மைக் காட்டிக்கொடுக்கும் ஒலி டேக்குகளுக்கு மாறியதும் கண்டறிதல் ஒன்றை நெருங்கிவிடுவதால், பழைய தொல்லைகள் ஒழிந்தன என்று தோன்றும். ஆனால் அவற்றில் பேட்டரி இருக்கிறது; அது தீர்ந்துவிட்டால் உயிருள்ள மீனும் சாவாகக் கணக்காகிவிடும். கொலம்பியாவின் அணைகளுக்கு அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் அமெரிக்கச் சட்டத்தின்படி வெளியான 2008ஆம் ஆண்டின் உயிரியல் கருத்துரை வகுத்த பிழைப்பு அளவுகோல், அணையைக் கடப்பதில் வசந்தகாலக் குஞ்சுகளுக்கு 96 விழுக்காடு, கோடைகாலக் குஞ்சுகளுக்கு 93 விழுக்காடு. இத்தகைய விளிம்பில், வழியில் தங்கித் தாமதித்ததால் நூற்றுக்கு மூன்று மீன்களின் பேட்டரி முன்கூட்டியே தீர்ந்திருந்தால் ஓர் அணை தேறுவதும் தவறுவதும் அதிலேயே முடிவாகிவிடும். அதே தொகுதியிலிருந்து சில டேக்குகளை நீரில் போட்டு வைத்து, எவை எந்நாளில் ஓய்ந்தன என்று குறித்து, அந்த வளைகோட்டைக் கொண்டு திருத்த வேண்டும். செத்த மீனும் டேக்கோடு மிதந்து வரும் என்பதால் ஏற்பிக் கருவிகளை அணைக்கு மிக அருகில் வைக்கலாகாது. செத்த மீன்களுக்கு டேக் பொருத்தி வேண்டுமென்றே விட்டுப் பார்ப்பது இதற்குத்தான். குஞ்சை விழுங்கிய பெரிய மீனும் அதே டேக்கைச் சுமந்து திரியும். நீரோட்டத்தை எதிர்த்து நாட்கணக்கில் மேலும் கீழும் அலையும் பதிவுகளை ஒருமுறை ஐயத்தோடு பார்ப்பது நல்லது.

வெவ்வேறு நீளமுள்ள பகுதிகளை ஒப்பிடும் தவறும் அடிக்கடி கண்ணில் படுகிறது. 50 கிலோமீட்டரில் 0.95, 120 கிலோமீட்டரில் 0.93 என்றால் முதலாவது பாதுகாப்பானதாகத் தோன்றும். 100 கிலோமீட்டருக்கு மாற்றினால் முதலாவது 0.90, இரண்டாவது 0.94. அணையில் நேரும் சாவு தூரத்தோடு கூடுவதில்லை என்பதால் இந்த மாற்றமும் முழுமையானதன்று. ஒரு பகுதியில் எத்தனை அணைகள் உள்ளன என்பதையும் உடன் எழுத வேண்டும். சிறு பிழைகள் பெருக்கத்தில் ஊதுவதையும் அங்கேயே காட்டிவிடலாம்: எட்டுப் பகுதிகளிலும் உண்மையான வீதம் 0.90 ஆக இருக்க, நாம் 0.92 என்று மதித்தால், முடிவில் 43 விழுக்காடு 51 விழுக்காடாகிவிடுகிறது.