பழைய பிக்கப்பின் பின்பக்க ஷேக்கிள் புஷ் மாற்றுவது எப்படி?

ஓசூரில் தக்காளி ஏற்றிக்கொண்டு அத்திப்பள்ளி வழியாக வரும்போது ஒரு சத்தமும் இருக்காது. பெங்களூரு கலாசிப்பாளையத்தில் லோடை இறக்கிவிட்டு, காலி வண்டியோடு அல்சூர் சந்துக்குள் திரும்பி ஹம்ப் (வேகத்தடை) ஏறினால் பின்னாலிருந்து ‘கடக்’ என்று கேட்கும். உங்கள் பழைய பிக்கப்பும் இப்படித்தான் என்றால் முதலில் ஷேக்கிள் புஷ்ஷைப் பாருங்கள். லோடு இருக்கும்போது எடையே எல்லாவற்றையும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. காலியாக ஓடும்போதுதான் தேய்ந்த புஷ் ஆடும்.

டாடா 207, பொலேரோ பிக்கப் போன்ற வண்டிகளின் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்தான். பட்டையின் முன்நுனி சேஸிஸில் நிலையாக மாட்டியிருக்கும். பின்நுனி ஷேக்கிள் என்ற ஆடும் இரும்பு இணைப்பில் தொங்கும். லோடு ஏறினால் வளைந்த பட்டை நிமிர்ந்து நீளும். அதற்கு இடம் கொடுக்கத்தான் ஷேக்கிள் முன்னும் பின்னும் அசைகிறது. அந்த அசைவைத் தாங்குவது சின்ன ரப்பர் புஷ்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒரு கடப்பாரையை ஷேக்கிளுக்கும் பட்டைக்கும் நடுவில் கொடுத்து மெல்ல நெம்புங்கள். தாராளமாக ஆடினாலோ, ரப்பர் வெடித்துப் பிதுங்கியிருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். அப்படியே பட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதிலாவது விரிசல் இருந்தால் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். பட்டைகளை ஆக்ஸிலோடு பிடித்திருக்கும் யு போல்ட்டைக் கழற்றிப் பட்டை மாற்றுவது பட்டறை வேலை, முதல் முயற்சிக்கு ஏற்றதல்ல.

புஷ்ஷை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாங்குங்கள். ஜே.சி. ரோட்டுக் கடைகளில் வண்டியின் மாடலையும் வருடத்தையும் சொல்லிக் கேட்கலாம். போல்ட்டும் நட்டும் புதிதாகவே வாங்கிவிடுங்கள், பழையது துருப்பிடித்து மெலிந்திருக்கும். முந்தின நாள் ராத்திரியே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள்.

இனி வண்டியைத் தூக்குவது. இங்கே அவசரமே கூடாது. இந்த வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும், கியரும் பின்சக்கரத்தோடுதான் சேர்ந்தது. பின்பக்கம் மேலே போனதும் இரண்டுமே வண்டியை நிறுத்தாது. அதனால் முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை கொடுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திக்கொண்டு, பிறகு ஜாக்கியை, இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே ஓடும் ஆக்ஸில் ஹவுசிங்குக்குக் கீழே வைத்துத் தூக்குங்கள். பட்டையின் முன்நுனிக்குச் சற்று முன்னால், சேஸிஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் இரும்பு ஜாக் ஸ்டாண்டு வையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் வைக்காதீர்கள், சட்டென்று நொறுங்கிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும். ஊரில் அரிவாள் அடிப்பவர்கள் தேடி வாங்கும் எஃகு இந்த ஸ்பிரிங் பட்டை. அழுத்தத்தில் இருக்கும்போது போல்ட்டை உருவினால் விசையோடு தெறிக்கும். ஷேக்கிளில் இழுவை போய்த் தளர்ந்த பிறகே நட்டில் ஸ்பானர் வையுங்கள். ஒரு பக்கம் முழுதாக முடித்த பிறகுதான் மறுபக்கம்.

ஷேக்கிள் வெளியே வந்ததும் பழைய ரப்பரைக் குத்தி எடுங்கள். உள்ளே இரும்புக் குழாய் ஒட்டியிருந்தால் ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் ஒரு வெட்டு போட்டுத் தட்டினால் வந்துவிடும். வெட்டு பட்டை நுனியில் இருக்கும் வளையத்தில் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளையத்தின் உட்புறத் துருவைத் தேய்த்துவிட்டு, புதுப் புஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே தள்ளுங்கள். கிரீஸோ எண்ணெயோ ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். கையால் போகாவிட்டால் நீளமான போல்ட்டும் இரண்டு பெரிய வாஷரும் வைத்து முறுக்கினால் தானாக ஏறும்.

ஷேக்கிளை மாட்டி நட்டை ஏற்றுங்கள், ஆனால் முழுதாக இறுக்காதீர்கள். முதல் தடவை நான் சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டேன். மூன்று மாதத்தில் புதுப் புஷ் கிழிந்து அதே ‘கடக்’ திரும்பி வந்தது. தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரைக்கு வந்ததும் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஆகவே சக்கரத்தை மாட்டி, ஸ்டாண்டுகளை எடுத்து, வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி ஆட்டிவிட்டு, அப்புறம் இறுக்குங்கள். எவ்வளவு முறுக்கு என்பது உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கும்.

சக்கர நட்டுகளை எதிரெதிராக இறுக்கிவிட்டு, காலி வண்டியோடு அதே ஹம்ப்பில் மெதுவாக ஏறிப் பாருங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு எல்லா நட்டுகளிலும் மறுபடி ஒருமுறை ஸ்பானர் வையுங்கள்.