பாலியஸ்டர் ஃபெல்ட்டைக் காஸ்டிக்கில் பதப்படுத்தி நல்ல வடிகட்டியாக்குவது எப்படி?

பாலியஸ்டர் ஃபெல்ட்டை, அதாவது நெய்யாமல் இழைகளைச் சிக்கவைத்துச் செய்த தடித்த துணியை, தண்ணீர் வடிகட்டப் போடும்போது வரும் முதல் தொல்லை, அது சரியாக நனையாது. சாதாரணக் காற்றில் தன் எடையில் சுமார் 0.4 சதவீத ஈரத்தைத்தான் அது ஏற்கும். இழைகளுக்கு நடுவே காற்று தங்கிவிடும், தண்ணீர் கிடைத்த சந்து வழியாக ஓடிவிடும், ஃபெல்ட்டில் ஒரு பகுதி வேலை செய்யாமலே கிடக்கும்.

இதற்கு மலிவான வழி காஸ்டிக் சோடா. பாலியஸ்டர் சேலைத் துணிக்குப் பட்டு போன்ற மென்மை வர ஆலைகளில் இழையைக் காஸ்டிக்கில் கொஞ்சம் கரைத்து எடை குறைக்கும் ‘வெயிட் ரிடக்‌ஷன்’ செய்கிறார்களே, அதே வேலைதான், ஆனால் நாம் ரொம்ப முன்னதாகவே நிறுத்திவிட வேண்டும். காஸ்டிக் இழைக்குள் ஊடுருவாது. மேற்பரப்பில் பாலியஸ்டர் சங்கிலியைக் கோத்து வைத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகளை மட்டும் வெட்டி, அங்கே கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகளை விட்டுச்செல்லும். தண்ணீரை இழுப்பவை அவைதான். கூடவே சின்னச் சின்னக் குழிகள் விழுவதால் இழையும் சொரசொரப்பாகும்.

முதலில் ஃபெல்ட்டை அயனி சாராத (நான்-அயானிக்) சலவைத் திரவம் கலந்த 60 டிகிரி தண்ணீரில் அலசி, நூற்கும்போது பூசிய எண்ணெயைப் போக்குங்கள். இதை விட்டால் காஸ்டிக் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். நன்றாகக் காயவைத்து எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரத்தில் லிட்டருக்கு 20 முதல் 40 கிராம் காஸ்டிக். குளிர்ந்த தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடவே வேண்டாம். அலுமினியப் பாத்திரம் கூடாது, அது கரைந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும்.

கரைசலை 80 டிகிரிக்குச் சூடாக்கி ஃபெல்ட்டை முக்குங்கள். எத்தனை நிமிடம் என்று என்னிடம் கேட்காதீர்கள், கடிகாரத்தை நம்பி இந்த வேலையைச் செய்யவே கூடாது. மெல்லிய இழைக்குப் பரப்பு அதிகம், சீக்கிரம் கரையும். பருத்த இழைக்கு நேரம் பிடிக்கும். அதனால் ஒரே ஃபெல்ட்டில் வெட்டிய, முன்பே எடை போட்ட சிறு துண்டுகளைச் சேர்த்துப் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்து, அலசி, உலர்த்தி, எடை பாருங்கள். 100 கிராம் 94 கிராம் ஆனால் 6 சதவீத இழப்பு. 5 முதல் 8 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்வதே என் கணக்கு. எடை 10 சதவீதம் போனாலும் இழையின் விட்டம் 5 சதவீதம்தான் குறையும், பார்த்தால் வித்தியாசமே தெரியாது, ஆனால் குழி விழுந்த இடங்களில் வலு குறைந்துகொண்டே வரும். சிலர் வேகத்துக்காக நான்காம்நிலை அம்மோனியம் வகை ஊக்கி சேர்ப்பார்கள். வேகம் கூடும், ஆனால் நிறுத்த வேண்டிய இடம் கைநழுவிவிடும், முதல் முறை செய்பவர்களுக்கு அது வேண்டாம்.

எடுத்ததும் வெந்நீரில் அலசி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் முக்கி, பிஎச் தாள் 7 காட்டும் வரை மறுபடி அலசுங்கள். காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், முத்தாக நிற்காமல் உடனே உறிஞ்சினால் சரி. நேர்மின் சாயமான மெத்திலீன் நீலத்தில் முக்கி அலசினால், பதப்படுத்திய துண்டில் பதப்படுத்தாததைவிட நீலம் அழுத்தமாகப் பிடிக்கும். கார்பாக்சில் வந்ததற்கு அது அடையாளம்.

களிமண் துகளையும் எதிர்மின் சாயங்களையும் பிடிக்க வேண்டுமானால், 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 1 சதவீத கைட்டோசான் கரைத்து, அதில் முக்கிப் பிழிந்து உலர்த்தலாம். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் இதற்கு அந்த அமிலக் கரைசலில் நேர்மின்னேற்றம் உண்டு, கார்பாக்சிலோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அமிலத் தண்ணீரில் இந்தப் பூச்சு கரைந்துவிடும்.

சூடான, ஈரமான புகையை வடிகட்டும் பைகளுக்கு இந்த வழி ஒத்துவராது. அங்கே பாலியஸ்டரை நாசமாக்குவதே இதே மாதிரியான நீராற்பகுப்புதான், அதாவது தண்ணீர் அந்த எஸ்டர் பிணைப்புகளை வெட்டுவதுதான்.

மிஞ்சிய கரைசலைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். கரைந்த பாலியஸ்டர் டெரிப்தாலிக் அமிலமாகவும் கிளைகாலாகவும் பிரிந்து அதில் இருக்கும். அமிலம் சேர்த்தால் டெரிப்தாலிக் அமிலம் வெள்ளையாகப் படியும், அதை வடித்தெடுக்கலாம். கிளைகால் தண்ணீரிலேயே இருக்கும், அதனால் மீதியைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குத்தான் அனுப்ப வேண்டும்.