கடலூரில் கூரை போடும் முன்

தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீடு, கடலுக்குக் கூப்பிடு தூரம். 2011 டிசம்பர் 30 விடியற்காலை, தானே புயலில் எங்கள் சிமெண்ட் ஷீட் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போனதை அம்மாவோடு கட்டிலுக்கடியில் இருந்து பார்த்தேன். அதனால் சொல்கிறேன், இங்கே கூரை என்றால் முதலில் காற்று, அப்புறம் உப்பு, வெயில் மூன்றாவதுதான்.

பணம் இருந்தால் கான்கிரீட் தளமே போடுங்கள். கம்பி கட்டியதும் நீங்களே குனிந்து பாருங்கள்: கம்பிக்கும் பலகைக்கும் நடுவே கவர் பிளாக், அதாவது கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை, இருக்கிறதா? அதை வைக்காமல் விட்ட ஒரு வீட்டில், உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து உப்பி, காரை பாளம் பாளமாக விழுகிறது. தொட்டில் கட்டிய கொக்கிக்குப் பக்கத்திலேயே விழுந்தது. கடல் மணல் வேண்டவே வேண்டாம். மேலே தட்டோடு பதித்து, 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் கொடுங்கள், தண்ணீர் தேங்காது.

ஷீட்தான் முடியும் என்றால் சரி, ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கி போன்ற ஜே போல்ட்டை ஓரத்திலும் முகட்டிலும் நெருக்கி அடியுங்கள். காற்று அங்கேதான் முதலில் தூக்கும். இறவாரத்தை நீளமாக விடாதீர்கள்.

கீற்று நல்ல குளிர்ச்சி. மாடியில் பந்தலாகப் போட்டுக்கொள்ளுங்கள், ஐப்பசி பிறக்கும் முன் பிரித்துவிடுங்கள்.