ஒரு காலில் மட்டும் சிவப்பும் வீக்கமும்: செல்லுலைட்டிஸை அறிந்து கவனிக்கும் முறை

ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தேங்கும் நீரிலும் நடவுச் சேற்றிலும் கால் ஊறி, விரலிடுக்கில் சேற்றுப்புண் வருவது கடலூர், புதுச்சேரி மக்களுக்குப் புதிதல்ல. அந்த வெடிப்பின் வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அல்லது ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி உள்ளே இறங்கித் தோலுக்கடியில் பரவும்போது செல்லுலைட்டிஸ் உண்டாகிறது.

முதல் படி: இரு கால்களையும் வெளிச்சத்தில் அருகருகே நீட்டி ஒப்பிடுங்கள். ஒரு காலில் மட்டும் தோல் சிவந்து, பளபளவென்று இறுகி, புறங்கையால் தொட்டால் சுட்டு, அழுத்தினால் வலித்தால் ஐயப்பட வேண்டும். குளிர்காய்ச்சலும் தொடையிடுக்கில் நெறிகட்டுதலும் சேரலாம். கருத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது என்பதால் சூட்டையும் வீக்கத்தையும் நம்புவதே மேல். இரு கால்களும் ஒன்றுபோல் சிவந்திருந்தால் பெரும்பாலும் காரணம் வேறு. கெண்டைக்கால் வீங்கி வலிப்பது இரத்தக்குழாய்க்குள் இரத்தம் உறைந்ததாலும் இருக்கலாம். அதை மருத்துவர்தான் பிரித்தறிய முடியும்.

இரண்டாம் படி: சிவப்பின் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு, தேதியையும் நேரத்தையும் எழுதிவையுங்கள்.

மூன்றாம் படி: அன்றே மருத்துவரைப் பாருங்கள். காலைப் பார்க்காமல் காய்ச்சல் மாத்திரையோடு நாளைக் கடத்துவதே இங்கு நடக்கும் பெரிய தவறு. செஃபாலெக்சின் போன்ற ஆன்டிபயாட்டிக்கைப் பொதுவாக 5 முதல் 7 நாள் வரை தருவார்கள். வலி குறைந்தாலும் இடையில் நிறுத்தக் கூடாது. சர்க்கரை நோய், கல்லீரல் நோய், பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள். மீன்முள் குத்தியோ கடல்நீர் பட்டோ வந்த புண்ணென்றால் மருந்தே மாறக்கூடும். மருந்து தொடங்கிய முதல் நாளில் சிவப்பு, நீங்கள் போட்ட பேனாக் கோட்டைச் சற்றுத் தாண்டலாம். 48 மணி நேரமாகியும் குறையவில்லை என்றால் மீண்டும் செல்லுங்கள்.

நான்காம் படி: படுக்கும்போது தலையணைகளை அடுக்கிக் காலை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வையுங்கள். மஞ்சள், சுண்ணாம்புப் பற்றும் எண்ணெய் உருவுதலும் வேண்டாம்.

பார்வைக்குத் தெரிவதைவிட வலி மிகக் கடுமையாக இருந்தாலோ, தோல் கருநீலமாகிக் கொப்புளித்தாலோ, மரத்துப்போனாலோ, நோயாளி குழம்பிப் பேசினாலோ 108-ஐ அழைத்து, ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே செல்லுங்கள்.

யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இத்தொற்று திரும்பத் திரும்ப வரும். அவர்கள் தினமும் சோப்பால் காலைக் கழுவி, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்தி, சேற்றுப்புண் இருந்தால் பூஞ்சைக்கான களிம்பைப் பூச வேண்டும்.