ஓர் அடுக்குக் கீழே தெரிந்தால் போதும்

கணினியைப் பயன்படுத்தும் அனைவரும் டிரான்சிஸ்டர் வரை இறங்கிப் படிக்க வேண்டியதில்லை. அன்றாடம் எந்த அடுக்கில் வேலை செய்கிறோமோ அதற்குக் கீழே இன்னும் ஓர் அடுக்கைத் தெரிந்துகொள்வதே போதுமான அளவு என்று கருதுகிறேன். ஒன்றைச் செய்வதற்கு முன் அதன் விளைவை ஊகிக்க முடிகிறதா என்பதே இதற்கான சோதனை.

பயனர்கள் கோப்பிலிருந்து தொடங்கலாம். கணினியிலும் கைப்பேசியிலும் ஒத்திசையும் கோப்புறை ஒன்றில் தேவையற்ற கோப்பு ஒன்றை வைத்து, அது இரண்டிலும் வந்து சேர்ந்த பின், ஒன்றில் அதை நீக்கிவிட்டு மற்றதைத் திறந்து பாருங்கள். சிறிது நேரத்தில் அங்கும் அது மறைந்திருக்கும். ஒத்திசைவு வேறு, காப்புநகல் வேறு என்பதை இந்த ஒரு சோதனை உணர்த்திவிடும்; நான் அதைப் படங்களை இழந்த பிறகே உணர்ந்தேன். அதேபோல, இணைய முகவரியின் தொடக்கத்தில் உள்ள 'எச்டிடிபிஎஸ்', வழியில் யாரும் ஒட்டுக்கேட்கவோ மாற்றவோ முடியாது என்பதற்கும், அந்த முகவரிக்குரிய தளத்தோடுதான் பேசுகிறோம் என்பதற்கும் மட்டுமே உறுதி தருகிறது. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவரா என்பது அதற்குத் தெரியாது.

நிரலாளர்களுக்கு அந்தக் கீழ் அடுக்கு இன்னும் ஆழமானது. பைத்தான் 3 என்ற நிரல்மொழியில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். படிப்பவர் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். பைத்தானோ 5 என்று சொல்லும், ஏனெனில் எழுத்துகளுக்கு எண் தரும் உலகத் தரமான யூனிகோடில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். இந்த 5 குறியீடுகளில் ஒவ்வொன்றும், அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் எடுப்பதால், வட்டில் அச்சொல் 15 பைட்டுகளாகிறது. முதல் 4 குறியீடுகளோடு வெட்டினால் புள்ளி உதிர்ந்து 'தமிழ' என்று நிற்கும். 10 பைட்டுகளில் வெட்டினால் 'தமி' என்பதற்குப் பின் உடைந்த குறி ஒன்று தோன்றும். எனவே 'நீளம்' என்று எழுதும் ஒவ்வோர் இடத்திலும் எதை எண்ணுகிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தரவுத்தளத்திலும் இதே கதைதான். நூறு ஆர்டர்களைப் பட்டியலிடும் நிரல், ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனியே கேட்டால், ஒரு பக்கத்திற்காக 101 வினவல்கள் (பட்டியலுக்கு ஒன்று, பெயர்களுக்கு நூறு) ஓடும். நிரலுக்கு ஆயத்த அடித்தளமாக இருக்கும் ஃபிரேம்வொர்க் அதை அழகாக மூடி மறைத்துவிடுவதால், வினவல் பதிவை இயக்கி ஒருமுறையாவது எண்ணிப் பார்ப்பது நல்லது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருவதைப் பலரும் அறிவார்கள்; அறிந்த பிறகும் பணத்தை, இத்தகைய பின்னங்களைத் தோராயமாகவே வைக்கும் இரும மிதவை எண்ணாகவே (ஃப்ளோட்) சேமிப்பவர்கள்தான் வியப்பளிக்கிறார்கள்.

பிழை வரும்போது தேடுபொறிக்கு ஓடுவதற்கு முன், பிழைச்செய்தியை முழுவதும் படித்து, காரணம் இதுவாக இருக்கலாம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ஊகம் தவறும் இடம்தான் அடுத்துப் படிக்க வேண்டிய இடம்.

எங்கே நிறுத்துவது என்பதும் முக்கியம். கடவுச்சொல்லைக் காக்கும் கணிதத்தை நீங்களே எழுத முற்படாமல், ஆர்கான்2 போன்ற கடவுச்சொல் காப்பு முறைகளைத் தரும் தேர்ந்த நூலகத்திடம் விட்டுவிடுங்கள். எம்டி5 என்ற பழைய முறை ஏன் கூடாது என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும்: அது மிக வேகமானது, திருடியவர் கோடிக்கணக்கான ஊகங்களைச் சோதித்துப் பார்க்க அந்த வேகமே துணைபோகும்.