டி செல்லை அப்புறம் வரையுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். தடுப்பூசிப் பாடம் வந்தால் எடுத்த எடுப்பில் டி செல்லுக்கு, அதாவது கிருமியை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணுவுக்கு, போகாதீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் போனேன். ‘ஊசியில் இருக்கும் ஆன்டிஜெனைப் பார்த்ததும் டி செல் விழித்துக்கொள்ளும்’ என்று பிள்ளைகள் எழுதினார்கள். ஆன்டிஜென் என்பது கிருமியின் அடையாளப் பொருள். அதைப் பார்த்தால் மட்டும் டி செல் விழிக்காது.

முதலில் ஜாகாவை, அதாவது காவல்காரரை, வரையுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஜாகா யாரென்று விளக்க வேண்டியதில்லை. தோலிலும் தசையிலும் காவல் இருக்கும் டென்ட்ரிடிக் செல்தான் அது. அதில் கிருமியின் பொருட்களைப் பிடிக்கும் டோல் ஏற்பிகளைக் கொக்கி கொக்கியாகப் போடுங்கள். ஏற்பி 4 பாக்டீரியாவின் வெளிச்சவ்வுக் கொழுப்பைப் பிடிக்கும். அதைச் செல்லின் மேலே போடுங்கள். 7, 8 இரண்டும் ஒற்றை இழை ஆர்என்ஏவைப் பிடிப்பவை. அவை செல்லுக்குள் இருக்கும் பைகளில் இருக்கும். பிள்ளைகள் எல்லாவற்றையும் வெளியிலேயே வரைவார்கள், அழித்துப் போடச் சொல்லுங்கள். எல்லா ஜாகாவிடமும் எல்லா ஏற்பியும் இருக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கொக்கியில் ஏதாவது மாட்டியதும் ஜாகா நிணநீர்க் கணுவுக்கு ஓடும். அதுதான் பெரட்டுக் களம், தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் இடம் மாதிரி. அங்கே மூன்று வண்ணப் பென்சில் வேண்டும். எம்எச்சி என்ற தாங்கிப் புரதத்தின் மேல் ஏந்திய ஆன்டிஜென் துண்டு சிவப்பு. ஜாகாவின் மேல் தோன்றும் சிடி80, சிடி86 புரதங்கள் நீலம். இதுதான் பெரட்டு மணி. செல்கள் விடும் தூதுப் புரதமான சைட்டோகைன் பச்சை, எந்த நிரைக்குப் போக வேண்டும் என்ற உத்தரவு. இன்டர்லூக்கின் 12 என்ற சைட்டோகைன் நிறைய வந்தால் டி செல் டிஎச்1 பக்கம் போகும். டிஎச்1, டிஎச்2, டிஎச்17 எல்லாம் உதவி டி செல்களின் நிரைகள். சிவப்பு வந்து நீலம் வராவிட்டால் டி செல் மரத்துப் போகும்.

இதை நன்றாகக் காட்டுவது கக்குவான் ஊசிதான். ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், அம்மா காலத்தில் ஊசி போட்டால் ராத்திரியெல்லாம் காய்ச்சலாம். தம்பிக்கு ஒன்றுமே இல்லையே, ஊசி வேலை செய்யுமா?” அன்று பாடம் முழுக்க அதிலேயே போனது. பழைய ஊசியில் கொன்ற பாக்டீரியா முழுசாக இருந்தது. அதன் கொழுப்பு ஏற்பி 4ஐ இழுத்தது, காய்ச்சலும் கூடுதல், டி செல்கள் டிஎச்1, டிஎச்17 பக்கம் போயின. இப்போது குழந்தைகளுக்கு 2, 3, 5, 18 மாதங்களில் போடும் ஆறு-இன்-ஒன் ஊசியில் கக்குவானுக்காக இருப்பது சுத்தம் செய்த புரதம்தான், கூடவே அலுமினிய உப்பு. காய்ச்சல் குறைவு, டி செல்கள் டிஎச்2 பக்கம் கூடச் சாயும், கக்குவான் பாதுகாப்பு சீக்கிரம் தேயும். அதனால்தான் தவணை தவறக் கூடாது. காய்ச்சல் இல்லையென்றால் ஊசி பிடிக்கவில்லை என்று யாரும் எழுத விடாதீர்கள். தம்பிக்கு ஊசி வேலை செய்கிறது.

மணி ஓயாமல் அடித்தாலும் வேலை கெடும். 2005இல் காரிக்கோ, வைஸ்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆர்என்ஏவின் எழுத்துகளில் ஒன்றான யூரிடினை மாற்றி டோல் ஏற்பிகளின் கூச்சலைக் குறைத்தார்கள். எம்ஆர்என்ஏ ஊசிக்கு அதுவே வழிவிட்டது.

கடைசியில் நீலத்தை மட்டும் அழித்துவிட்டுப் படத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். டி செல் என்ன ஆகும் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.