ஆதிமூலத்தைப் பார்த்துக் கோடு போடப் பழகுவது எப்படி

கோட்டோவியம் பழக வேண்டும், யாரைப் பார்த்துப் பழகலாம் என்று யாராவது கேட்டால் நான் ஓவியர் கே.எம். ஆதிமூலத்தைத்தான் சொல்வேன். துறையூர் பக்கம் கீரம்பூர்க்காரர், 1938இல் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சிற்பி எஸ். தனபாலும் ஆசிரியர்களாக இருந்த காலத்தில் படித்துவிட்டு, நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர்.

முதல் வேலை, பேனாவைத் தொடாமல் பார்ப்பது. 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த காந்தி படங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தி இறந்தபோது இவருக்கு ஏறக்குறைய பத்து வயது, ஆனாலும் எத்தனையோ நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஆளைப் போல வரைந்திருப்பார். அதில் ஒரே ஒரு கோட்டைக் கண்ணால் பிடித்து, எங்கே கிளம்புகிறது, எங்கே மெலிகிறது, எங்கே இன்னொன்றின் மேல் ஏறுகிறது என்று கூடவே போங்கள். கோடு குவிந்த இடம் நிழல், விட்ட இடம் வெளிச்சம். அவ்வளவுதான் கணக்கு, ஆனால் எங்கே விடுவது என்பதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம்.

சரி, சாமான்களுக்கு வருவோம். கார்ட்ரிட்ஜ் தாள் என்கிற தடித்த வரைதாள், மையில் தொட்டு வரையும் நிப் பேனா, இந்தியன் இங்க் என்கிற கறுப்பு மை, இவை போதும். நிப்பை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். ஜெல் பேனாவில் இது நடக்காது, அவசரத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். வரைந்து முடித்ததும் நிப்பைக் கழுவிவிடுங்கள், இந்தியன் இங்க் காய்ந்துபோனால் நிப் வீண்தான்.

பென்சில் வேண்டாம். நான் ஆறு மாதம் பென்சிலில் போட்டு அதன் மேல் மை ஓட்டிக்கொண்டிருந்தேன், படமெல்லாம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக வந்தது. தப்பான கோட்டை அழிக்காமல் பக்கத்திலேயே சரியானதைப் போடுங்கள், நாலு கோடு விழுந்தபின் தப்பானதும் நிழலோடு நிழலாகப் போய்விடும்.

யாரை வரைவது? உங்கள் தெருவில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை, தாத்தாவின் பழைய போட்டோவை. கண்ணில் ஆரம்பிக்காதீர்கள். தலைப்பாகையிலோ மீசையிலோ ஆரம்பித்து, துணி மடிகிற திசையிலும் முடி வளர்கிற திசையிலும் கோட்டைக் கொண்டுபோனால் முகம் தானாகத் திரளும், கன்னத்துக்கு வரும்போது கை தன்னாலே அடங்கியிருக்கும். அப்புறம் ஆதிமூலத்தின் மன்னர் படங்களைப் பாருங்கள். அலங்காரமெல்லாம் இருக்கும், ஆள்தான் உதிர்ந்துகொண்டிருப்பார். இதே கோட்டை வைத்து மரியாதையும் செய்யலாம், கிண்டலும் செய்யலாம் என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். சிற்றிதழ்களுக்கும் புத்தக அட்டைகளுக்கும் அவர் எழுதிய தலைப்பெழுத்துகளில் தமிழின் வளைவு அச்செழுத்துக்கு அடங்காமல் நிற்கும். உங்கள் பெயரை அப்படி இருபது விதமாக எழுதிப் பாருங்கள், 'ழ' ஒன்றே ஒரு வாரம் இழுக்கும்.

பின்னாளில் அவர் உருவத்தை விட்டுவிட்டு எண்ணெய் வண்ணத்தில் அரூபத்துக்குப் போனார். அந்தப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். நூறு தாள் கறுப்பு மையில் தீரட்டும், ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி போட்டு வையுங்கள், முதல் பத்தைக் கிழித்துப் போடத் தோன்றும், கிழிக்காதீர்கள்.